வேலூர் விடுதிக்கு ஓர் இணையதளம்: திட்டமிடுவதிலிருந்து பராமரிப்பு வரை

வேலூரில் தொழில் செய்பவர்களில் இணையதளம் யாருக்கு மிக அவசியம் என்று கேட்டால், சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையைச் சுற்றி விடுதி நடத்துபவர்களுக்கு என்பேன். லாங் பஜாரில் மளிகைக் கடை வைத்திருப்பவரின் வாடிக்கையாளர் கடை வாசலுக்கே வந்து நிற்பார். விடுதிக்காரரின் வாடிக்கையாளர் கொல்கத்தாவிலோ ராஞ்சியிலோ அகர்தலாவிலோ டாக்காவிலோ இருக்கிறார். நோயாளியை அழைத்துக்கொண்டு, ஒரு நாளுக்கும் மேலாக ரயிலில் உட்கார்ந்து, காட்பாடியில் இறங்குகிறார். எங்கே தங்குவது என்று அவர் முடிவெடுக்க வேண்டியது இறங்குவதற்கு முன்பு. அந்த நேரத்தில் அவர் கையில் இருப்பது ஒரு போன் மட்டும்தான்.

அந்த மனிதரை மனதில் வைத்துத்தான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். ஆற்காட்டில் மக்கன் பேடா விற்பவரோ, ஆம்பூரில் செருப்புக் கடை வைத்திருப்பவரோ, குடியாத்தத்தில் லுங்கி நெய்து விற்பவரோ இதே படிகளைப் பின்பற்றலாம். கேள்விகள் மாறும், முறை மாறாது. தளம் அழகாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வருபவர் கேட்க நினைப்பதற்குத் தளம் முதலில் பதில் சொல்ல வேண்டும். அதைச் செய்யாத அழகால் அவருக்கு ஒரு பயனும் இல்லை.

முதல் படி: ரிசப்ஷனில் ஒரு நோட்டு

டிசைனரைத் தேடுவதற்கு முன்னால் ஒரு நீள நோட்டு வாங்கி ரிசப்ஷன் போனுக்குப் பக்கத்தில் வையுங்கள். ஒரு வாரம், வரும் ஒவ்வொரு அழைப்பிலும் முதலில் கேட்கப்படும் கேள்வியை மட்டும் எழுதச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம், நம்பர் வேண்டாம். கேள்வி மட்டும், கேட்டவர் சொன்னபடியே. வாட்ஸ்அப்பில் வருவதையும் அதிலேயே சேருங்கள்.

வாரக் கடைசியில் அந்த நோட்டில் இருப்பவை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ஆஸ்பத்திரி கேட்டிலிருந்து நடந்தே வரலாமா? லிஃப்ட் இருக்கிறதா, அப்பாவால் படியேற முடியாது. ரூமில் சமைத்துக்கொள்ளலாமா, அடுப்பு கொடுப்பீர்களா? வெஸ்டர்ன் டாய்லெட்டா? மாச வாடகைக்குக் கிடைக்குமா? ரிசல்ட் வரத் தாமதமானால் இன்னும் இரண்டு நாள் நீட்டிக்கலாமா? ராத்திரி இரண்டு மணிக்கு ரயில் வருகிறது, அந்த நேரத்தில் கதவு திறந்திருக்குமா?

எந்தக் கேள்வி எத்தனை முறை வந்திருக்கிறது என்று கோடு போட்டு எண்ணுங்கள். அதிகம் வந்தது முகப்புப் பக்கத்தில் மேலே வரட்டும். அடுத்தது அதற்குக் கீழே. தளத்தின் திட்டம் இவ்வளவுதான். இதற்கு எந்த மென்பொருளும் தேவையில்லை.

இந்த ஊரில் நான் பார்க்கும் விடுதித் தளங்களில் பாதிக்கு மேல் 'எங்களைப் பற்றி' என்று தொடங்கி, முதலாளியின் படம், வரவேற்புரை, கோட்டை அகழியின் புகைப்படம், ஸ்ரீபுரம் பொற்கோயில் என்று போகின்றன. வாடகை எவ்வளவு என்பது எங்கேயும் இருக்காது. 'விலைக்கு அழைக்கவும்' என்று போட்டால் ஆள் பேச வந்துவிடுவார் என்பது விடுதிக்காரர்களின் கணக்கு. உண்மையில் விலை போட்டிருக்கும் பக்கத்து விடுதிக்குத்தான் அவர் போவார். சிகிச்சைச் செலவு எவ்வளவு ஆகும் என்று தெரியாமல் வருபவருக்கு, தங்கும் செலவாவது முன்கூட்டியே தெரிய வேண்டும். விலையைப் போடுங்கள். மாறக்கூடும் என்றால் எந்த மாதத்து விலை என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.

இரண்டாம் படி: பதில்களை எழுதுவது

பெரும்பாலோர் தாண்டிப் போய்விடும் படி இது. டிசைன் முடிந்த பிறகு 'கன்டென்ட்' கொடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால், டிசைனர் காலி இடங்களை 'உலகத்தரம்', 'இல்லம் போன்ற சூழல்' போன்ற சொற்களால் நிரப்பிவிடுவார். ஆகவே டிசைனுக்கு முன்னால் பதில்களை நீங்களே எழுதுங்கள்.

தூரத்தை எடுத்துக்கொள்வோம். 'சி.எம்.சி. அருகில்' என்று எழுதினால் போதாது. 1900-இல் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை இன்று ஒரே இடத்தில் இல்லை. ஐடா ஸ்கடர் சாலையில் இருப்பது டவுன் வளாகம். ஆரணி சாலையில் ஷெல் கண் மருத்துவமனை. பாகாயத்தில் மருத்துவக் கல்லூரி. 2022-இலிருந்து ராணிப்பேட்டை வளாகமும் இயங்குகிறது, அது சென்னை நெடுஞ்சாலையில் ரத்தினகிரி பக்கம். ஷெல்லில் கண் பரிசோதனைக்கு வருபவருக்கும் ராணிப்பேட்டை வளாகத்தில் அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கியவருக்கும் 'சி.எம்.சி. அருகில்' என்ற இரண்டு சொல் எந்த உதவியும் செய்யாது. தவறான இடத்தில் தங்கிவிட்டால் தினமும் ஆட்டோவுக்கே காசு போய்விடும். 'டவுன் வளாகத்தின் வாசலிலிருந்து நடந்தால் ஆறு நிமிடம், ராணிப்பேட்டை வளாகத்துக்குப் பேருந்தில் போக வேண்டும்' என்று எழுதுங்கள். நிமிடக் கணக்கை வயதானவர் ஒருவரோடு நடந்து பார்த்து எழுதுவது நல்லது. நம் வேகத்தில் ஆறு நிமிடம் என்றால் அவர்களுக்குப் பன்னிரண்டு ஆகும்.

சமைக்கலாமா என்ற கேள்விக்கு 'சமையல் வசதி உண்டு' என்று எழுதினால், அதிலிருந்து நான்கு கேள்விகள் முளைக்கும். அடுப்பு உங்களுடையதா, அவர்கள் வாடகைக்கு எடுக்க வேண்டுமா? கேஸுக்குத் தனிக் காசா? பாத்திரம்? மீன் சமைக்கலாமா? வங்காளிக் குடும்பத்துக்குக் கடைசிக் கேள்விதான் முக்கியம். நான்குக்கும் பதில் எழுதினால் ஒரு பத்தி ஆகும். ஆகட்டும்.

பங்களாதேஷிலிருந்து வருபவர்கள் தங்கினால், அந்த விவரத்தை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை விடுதிக்கு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அதற்காக எந்தெந்தத் தாள்களைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாது. பாஸ்போர்ட், விசா, எத்தனை நகல் என்று தனி வரியாக எழுதுங்கள். நள்ளிரவில் நகல் எடுக்கக் கடை தேடி அலையும் வேலை அவர்களுக்கு மிச்சமாகும்.

முகவரி விஷயத்தில் ஒரு குறிப்பு. 1989-இல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தது. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றானது. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போயின. ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. 'வேலூர் மாவட்டம், ஆம்பூர்' என்று இன்றும் போட்டிருக்கும் தளங்கள் நிறைய. உள்ளூர்க்காரருக்கு அது பொருட்டில்லை. வெளியூர்க்காரர் அதை நம்பி வேலூரில் இறங்கிவிடுவார்.

இன்னொன்று கண்டிப்பாக. மருத்துவமனையின் சின்னத்தை உங்கள் தளத்தில் போடாதீர்கள். அப்பாயின்ட்மென்ட் வாங்கித் தருகிறோம் என்றும் எழுதாதீர்கள். நோயாளிகளைக் குறிவைக்கும் தரகர்கள் எல்லா மருத்துவமனை ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராக உங்களைப் பிறர் நினைக்க இடம் கொடுக்கக் கூடாது. மருத்துவமனைக்கென்று தனி இணையதளம் இருக்கிறது, அதற்கு ஓர் இணைப்பு கொடுத்தால் போதும்.

மூன்றாம் படி: காகிதத்தில் பக்கங்கள்

ஐந்து பக்கம் போதும்: முகப்பு, அறைகளும் வாடகையும், வரும் வழி, கேள்வி பதில், தொடர்பு. ஒரு ஏ4 தாளை நீளவாக்கில் மடித்தால் கிட்டத்தட்ட போன் திரையின் வடிவம் வரும். அதில் பென்சிலால் ஒவ்வொரு பக்கத்தையும் வரையுங்கள். கணினித் திரைக்கு வரைந்துவிட்டுப் போனுக்குச் சுருக்குவது தலைகீழ் வேலை.

மெனுவில் இருக்கும் சொற்கள் வீட்டுச் சொற்களாக இருக்கட்டும். 'சேவைகள்' என்றால் எதையும் குறிக்கலாம், 'வாடகை' என்றால் வாடகை மட்டும்தான்.

நான்காம் படி: மொழி

வேலூருக்கே உரிய சிக்கல் இது. காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் நடந்து பாருங்கள். பெயர்ப் பலகைகளில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் பக்கத்திலேயே வங்காளமும் இந்தியும் இருக்கும். பல வருடங்களுக்கு முன்பே கடைக்காரர்கள் இதைப் புரிந்துகொண்டுவிட்டார்கள். அவர்களின் இணையதளங்கள் மட்டும் இன்னும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன.

தமிழ், வங்காளம், இந்தி, ஆங்கிலம் என நான்கு மொழியும் வேண்டும் என்பேன். நான்கையும் ஒரே நாளில் செய்ய முடியாவிட்டால், வாடகைப் பக்கத்தையும் வரும் வழியையும் மட்டும் முதலில் வங்காளத்தில் போடுங்கள். தானியங்கி மொழிபெயர்ப்பை அப்படியே ஏற்றாதீர்கள். உங்கள் விடுதியிலேயே வங்காளம் படிக்கத் தெரிந்த விருந்தினர் எப்போதும் ஒருவர் இருப்பார். அவரிடம் போனைக் கொடுத்து, "தாதா (வங்காளத்தில் அண்ணா), இதைக் கொஞ்சம் படித்துப் பார்த்து, எது உறுத்துகிறதோ சொல்லுங்கள்" என்று கேட்டால் சந்தோஷமாகச் செய்வார்.

ஒவ்வொரு மொழிக்கும் தனி முகவரியுள்ள பக்கம் இருக்க வேண்டும். ஒரே பக்கத்தில் பொத்தானைத் தட்டினால் எழுத்து மாறும்படி செய்தால், வங்காளப் பக்கத்தின் இணைப்பை ஒருவர் தன் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது அங்கே ஆங்கிலம் திறக்கும். தேடுபொறிக்கும் அந்த வங்காள எழுத்து தெரியாமல் போகலாம்.

பார்வையாளர் எந்த ஊரில் இருக்கிறார் என்று தளமே கண்டுபிடித்து மொழியை மாற்றும் வசதியைச் சில டிசைனர்கள் பெருமையாகக் காட்டுவார்கள். வேலூரில் அது வேலைக்கு ஆகாது. வந்து இறங்கிவிட்ட வங்காளியின் போன் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது, தளம் அவருக்குத் தமிழைக் காட்டும். மொழியை அவரே தேர்ந்தெடுக்கட்டும். தேர்வுப் பட்டியலில் ஒவ்வொரு மொழியின் பெயரும் அந்தந்த மொழியின் எழுத்திலேயே இருக்க வேண்டும், பக்கத்தின் உச்சியிலேயே இருக்க வேண்டும். கொடிப் படம் போடாதீர்கள். வங்காளத்துக்கு எந்தக் கொடியைப் போடுவீர்கள்? கொல்கத்தாக்காரரும் டாக்காக்காரரும் பேசுவது ஒரே மொழி, நாடுதான் வேறு.

தமிழ்ப் பக்கத்திலும் கவனம் வேண்டும். நோட்டீஸ் அடித்த டிடிபி கடையிலிருந்து பழைய ஃபைலை வாங்கி அப்படியே ஏற்றும் வழக்கம் இருக்கிறது. அது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால், அந்த எழுத்துரு இல்லாத போனில் புரியாத குறிகளாகத்தான் தெரியும். கூகுள் தேடலிலும் சிக்காது. எல்லாப் போனிலும் படிக்கக்கூடிய பொதுவான எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஏற்ற வேண்டும். மாற்றும்போது கொம்பும் ஒற்றும் சில இடங்களில் புரண்டுவிடும், வரி வரியாகப் படித்துத் திருத்துங்கள். தமிழ் வாசகங்களைப் படமாகச் செய்து ஒட்டுவது இதற்கு மாற்று ஆகாது. படத்திலுள்ள எழுத்தைப் பார்வையற்றவரின் போன் நம்பும்படி வாசித்துக் காட்டாது, பெரிதாக்கினால் மங்கும்.

ஐந்தாம் படி: எழுத்தும் நிறமும் பொத்தானும்

ஆங்கிலத்துக்காகச் செய்த வார்ப்புருவில் (டெம்ப்ளேட்டில்) தமிழைக் கொட்டினால் மூன்று இடத்தில் உதைக்கும். முதலாவது, வரி இடைவெளி. தமிழில் மேலே விசிறியும் கீழே சுழியும் நீளும். எழுத்தளவைப்போல 1.6 அல்லது 1.7 மடங்கு வரி உயரம் கொடுத்தால்தான் 'கி'யின் விசிறி மேல் வரியை முட்டாமல் இருக்கும். இரண்டாவது, தலைப்புகள். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தாக்கித் தலைப்பைக் காட்டுவார்கள், தமிழில் அப்படி ஒன்று இல்லாததால் தலைப்பும் பத்தியும் ஒன்றாகத் தெரியும். அளவையும் தடிமனையும் கூட்டித்தான் வேறுபடுத்த வேண்டும். சாய்வெழுத்தைத் தவிர்த்துவிடுங்கள். மூன்றாவது, பொத்தான். ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் முடிவது தமிழில் 'முன்பதிவு செய்ய இங்கே தொடவும்' என்று நீண்டு, பொத்தானைத் தாண்டி வழியும். 'அறை கேளுங்கள்' என்று சுருக்கினால் அளவும் சரி, பொருளும் தெளிவு.

தனி எழுத்துரு ஏற்ற வேண்டிய அவசியம் அநேகமாக இல்லை. ஆண்ட்ராய்டு போன்களில் தமிழுக்கான எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறது. ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால் நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துரு இலவசம். எழுத்தளவு 16 பிக்சலுக்குக் கீழே போகக் கூடாது. இரண்டு விரலால் பெரிதாக்குவதைத் தடுத்து வைத்திருக்கும் தளங்கள் இன்னும் இருக்கின்றன. உங்கள் தளத்தில் அப்படி இருந்தால் உடனே எடுக்கச் சொல்லுங்கள்.

மஞ்சள் பின்னணியில் தங்க நிற எழுத்து நம்மூர்க்காரர்களுக்குப் பிடிக்கும். வெயிலில் நின்று படித்துப் பாருங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது உலகளாவிய அணுகல் வழிகாட்டி நெறிகளில் உள்ள அளவு. இதைக் கணக்கிட இலவசக் கருவிகள் உண்டு. வேலூர்ச் சித்திரை வெயிலில் ஆட்டோவுக்குள் உட்கார்ந்து திரையைப் பார்ப்பவருக்கு அந்த அளவும் குறைவுதான் என்பது என் எண்ணம். வெள்ளையில் கறுப்பு வைத்துக்கொள்ளுங்கள், பொத்தானுக்கு மட்டும் ஒரே ஒரு நிறம்.

பொத்தான் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? அதே அணுகல் நெறிகளின், 2023-இல் வந்த 2.2 பதிப்பு குறைந்தபட்சம் 24 பிக்சல் என்கிறது. ஆண்ட்ராய்டுக்கு கூகுள் பரிந்துரைப்பது 48. நாற்பத்தெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நடுங்கும் விரலோடு தட்டுபவர்கள் இந்தத் தளத்துக்கு நிறையப் பேர் வருவார்கள்.

தானாக ஓடும் படவரிசை, திறந்ததும் ஒலிக்கும் பக்திப் பாடல், திரையை மூடும் 'சலுகை' பெட்டி மூன்றும் வேண்டாம். நள்ளிரவில் வார்டில் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து தளத்தைத் திறப்பவரை நினைத்துப் பாருங்கள்.

ஆறாம் படி: படங்களும் வேகமும்

படம் உண்மையாக இருக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் ஓட்டல் அறைப் படத்தைப் போட்டால், நேரில் வந்தவர் ரிசப்ஷனில் நின்று சண்டை போடுவார். அதில் நியாயமும் இருக்கும். பகல் வெளிச்சத்தில், கதவோரம் நின்று, கட்டிலும் ஜன்னலும் தெரிய ஒரு படம். கழிவறைக்கு ஒன்று, கட்டாயம். லிஃப்ட்டுக்கு ஒன்று, சக்கர நாற்காலியை உள்ளே நிறுத்தி எடுத்தால் அகலம் புரியும். தெருவிலிருந்து வாசலும் பெயர்ப் பலகையும் தெரியும்படி ஒன்று. ஆட்டோக்காரருக்குக் காட்ட உதவுவது அந்தப் படம்தான்.

போனில் எடுத்த படம் ஒன்று பல எம்.பி. இருக்கும். அகலத்தை 1200 பிக்சலாகக் குறைத்து வெப்பி (WebP) என்ற படக் கோப்பு வடிவில் சேமித்தால் 150 கே.பி. சுமாருக்கு வந்துவிடும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. முக்கிய உள்ளடக்கம் 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வகுத்திருக்கும் அளவு. பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் என்ற அவர்களின் இலவசக் கருவியில் உங்கள் முகவரியை இட்டு, 'மொபைல்' பகுதியைப் பாருங்கள்.

ஏழாம் படி: அழைக்கும் வழி

தொலைபேசி எண் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிய வேண்டும், தொட்டால் அழைப்பு போக வேண்டும். எண்ணை எழுதும் விதத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 0416 என்று தொடங்கும் லேண்ட்லைனை அப்படியே போட்டால் டாக்காவிலிருந்து அழைப்பு வராது. +91 416 என்று, முன்னால் உள்ள பூச்சியத்தை எடுத்துவிட்டுப் போட வேண்டும். மொபைலுக்கும் +91 கட்டாயம். வாட்ஸ்அப் இணைப்பிலும் 91 இல்லையென்றால் அது திறக்கவே திறக்காது.

கூகுள் மேப்பில் உங்கள் புள்ளி எங்கே விழுகிறது என்று பாருங்கள். சந்துக்குள் இருக்கும் விடுதிக்குப் பல நேரம் பின்பக்கத் தெருவில் விழுந்திருக்கும். ஆட்டோ நிற்கக்கூடிய வாசலில் கொண்டுவந்து வையுங்கள். காட்பாடியிலிருந்து வரும் வழியை எழுத்திலும் எழுதுங்கள், சிக்னல் இல்லாத நேரத்தில் மேப் திறக்காது.

அறை கேட்கும் படிவத்தில் பெயர், போன் எண், வரும் தேதி, எத்தனை பேர் என நான்கு கட்டங்கள் போதும். என்ன நோய், எந்த டாக்டர் என்று கேட்காதீர்கள். ஆதாரைப் படிவத்தில் ஏற்றச் சொல்லாதீர்கள். 2023-இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், ஒரு குடும்பத்தின் நோயைப் பற்றிய தகவல் உங்கள் மின்னஞ்சலில் கிடக்க வேண்டிய அவசியமே இல்லை. 'லிஃப்ட் அருகில் அறை வேண்டும்' என்று டிக் செய்ய ஒரு கட்டம் வைத்தால் உங்களுக்குத் தேவையானது தெரிந்துவிடும்.

முன்பணம் வாங்குவதாக இருந்தால், பணம் யார் பெயரில் உள்ள கணக்குக்குப் போகும், வர முடியாமல் போனால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று கியூஆர் குறியீட்டுக்கு மேலேயே எழுதுங்கள். கீழே எழுதினால் பணம் கட்டிய பிறகுதான் படிப்பார்கள்.

எட்டாம் படி: டொமைன் யார் பெயரில்?

இதில் நான் பிடிவாதமாக இருப்பேன். டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பணத்தில் பதிவாக வேண்டும். டிசைனர் தன் கணக்கில் வாங்கிக் கொடுத்தால், அவர் ஊரை மாற்றினாலோ தொழிலை மாற்றினாலோ பெயர் அவரிடமே தங்கிவிடும். கடையை வாடகைக்குப் பிடித்துவிட்டுப் பூட்டின் சாவியைப் பெயின்டரிடம் கொடுத்துவிட்டு வருவதற்குச் சமம் அது.

டாட் இன் முகவரி போதும். டாட் இந்தியா என்று தமிழ் எழுத்திலேயே முகவரி வாங்கவும் வழி உண்டு. ஆனால் வங்காளத்திலிருந்து வருபவரால் அதைத் தட்டச்சு செய்ய முடியாது என்பதால் அதை இரண்டாவது முகவரியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். புதுப்பிக்கத் தவறினால் சில நாள் அவகாசம் இருக்கும், அதற்குப் பிறகு மீட்கக் கட்டணம் கூடும், அதுவும் கடந்தால் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். மூன்று, ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கட்டிவிடுவது நிம்மதி.

தளத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையே போகும் தகவலைப் பாதுகாக்கும் எச்டிடிபிஎஸ் பூட்டுக்குத் தனியாகப் பணம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதற்கான சான்றிதழை இலவசமாகவே தருகிறது, தளத்தை வைக்க இடம் தரும் பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் தாமே இணைத்துக் கொடுக்கின்றன. குறுகிய காலச் சான்றிதழ் என்பதால் தானாகப் புதுப்பிக்கும்படி அமைத்திருக்கிறார்களா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

உள்ளடக்கத்தை நீங்களே மாற்ற உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளா, நேரடியாக எழுதி வைத்த எளிய எச்டிஎம்எல் பக்கங்களா? வாடகையை நீங்களே மாற்றப் போகிறீர்கள் என்றால் வேர்ட்பிரஸ். வருடத்துக்கு இரண்டு முறைதான் மாறும் என்றால் எளிய பக்கங்கள், அதில் உடைவதற்கு எதுவும் இல்லை.

ஒன்பதாம் படி: ஆட்களை வைத்துப் பார்ப்பது

ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான கோளாறுகள் வெளியே வந்துவிடும் என்று இணையதளப் பயன்பாட்டு வல்லுநர் யாகோப் நீல்சன் 2000-ஆம் ஆண்டில் எழுதினார். விடுதிக்காரர்களுக்கு அந்த ஐந்து பேரைத் தேடும் வேலையும் இல்லை, மாலையில் லாபியிலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு முறை ஒரு விடுதியில், மேற்கு வங்காளத்தின் பர்த்வானிலிருந்து மகளின் சிகிச்சைக்காக வந்திருந்த ஒரு பெரியவரிடம் எங்கள் போனைக் கொடுக்காமல், அவர் போனிலேயே தளத்தைத் திறக்கச் சொன்னோம். சொந்தப் போனில் பார்க்கச் சொல்வது முக்கியம். அவர் திரையில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். கண்பார்வைக்காக எழுத்தளவை மிகப் பெரிதாக்கி வைத்திருந்தார், அதனால் மெனு இரண்டு வரியாகி மொழித் தேர்வை மறைத்துவிட்டது. "நான்கு நாள் தங்க எவ்வளவு ஆகும் என்று கண்டுபிடியுங்கள்" என்பது மட்டும்தான் அவருக்கான வேலை. கட்டை விரலால் தள்ளிக்கொண்டே வந்தார். அறையின் படத்தைத் தட்டினார், ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தட்டினார். பிறகு கீழே போய் விலைப் பட்டியலைக் கண்டார், 900 என்ற எண்ணில் விரல் நின்றது. நிமிர்ந்து பார்த்து இந்தியில் கேட்டார்: "இது ஒரு ஆளுக்கா, ரூமுக்கா?"

பட்டியலில் அது எங்கேயும் இல்லை. அன்று மாலையே 'ஒரு அறைக்கு, ஒரு நாளைக்கு, மூன்று பேர் வரை, வரி உட்பட' என்று விலைக்குப் பக்கத்தில் விடுதிக்காரர்கள் சேர்த்தார்கள். படத்தைத் தட்டினால் அந்த அறையின் விவரம் திறக்கும்படியும் ஆனது.

சோதிக்கும்போது நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. "இதோ மேல இருக்கு பாருங்க" என்று சொல்லத் துடிக்கும். சொல்லிவிட்டால் கோளாறு மறைந்துவிடும், அடுத்து வருபவருக்கு அது அப்படியே காத்திருக்கும். அவர் எங்கே தடுமாறினார், எதைத் தவறாகத் தட்டினார் என்று எழுதிக்கொண்டே இருங்கள். முடிந்ததும் நன்றி சொல்லி ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

பத்தாம் படி: பராமரிப்பு

தளம் வெளியான அன்றே, அதைப் பார்த்துக்கொள்ளும் ஆள் யார் என்று முடிவு செய்யுங்கள். 'எல்லாரும் பார்த்துக்கலாம்' என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். மேனேஜரோ முதலாளியின் மகளோ, யாராவது ஒருவர்.

அவர் மாதம் ஒரு நாள் உட்கார்ந்து செய்ய வேண்டியவை: சொந்தப் போனில் தளத்தைத் திறந்து எல்லா எண்ணையும் தொட்டு அழைப்பு போகிறதா என்று பார்ப்பது, படிவத்தை நிரப்பி அனுப்பி மின்னஞ்சல் வந்து சேர்கிறதா என்று பார்ப்பது, விலையில் போட்டிருக்கும் மாதத்தைப் புதுப்பிப்பது. படிவம் சத்தமில்லாமல் வேலை நின்றுபோவது மிகச் சாதாரணமாக நடக்கும். சீசன் டல் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள், கேட்டவர்களின் மின்னஞ்சல் எல்லாம் ஸ்பாம் பெட்டியில் கிடக்கும்.

வேர்ட்பிரஸ் என்றால் அதையும், அதில் சேர்த்துக்கொள்ளும் துணை மென்பொருள்களான செருகுநிரல்களையும் புதிய பதிப்பு வந்த உடனேயே புதுப்பிக்க வேண்டும். பயன்படுத்தாத செருகுநிரலை அணைத்து வைத்தால் போதாது, நீக்குங்கள். பழைய செருகுநிரல் வழியாக நுழைபவர்கள் உங்கள் தளத்தில் சூதாட்ட விளம்பரத்தை ஒட்டிவிட்டுப் போவார்கள், அதை வெளியூரில் இருந்து பார்ப்பவர் உங்களைத்தான் சந்தேகிப்பார். மொத்தத் தளத்தின் நகலை ஹோஸ்டிங்குக்கு வெளியே, உங்கள் கணினியிலோ கூகுள் டிரைவிலோ வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை அந்த நகலை வைத்துத் தளத்தை வேறோர் இடத்தில் எழுப்பச் சொல்லிப் பாருங்கள். எழும்பாத நகல் இருந்தும் பயனில்லை.

வெளியே நடப்பவற்றையும் அவர் கவனிக்க வேண்டும். மருத்துவமனையில் ஒரு துறை வேறு வளாகத்துக்கு மாறினால் உங்கள் 'வரும் வழி' பக்கம் அன்றே பழசாகிவிடும். லிஃப்ட் பழுதானால், சரியாகும் வரை முகப்பில் ஒரு வரி போட வேண்டும். லிஃப்ட்டை நம்பி மூன்றாம் மாடி அறைக்கு முன்பணம் கட்டியவர், நடக்க முடியாத தாயோடு வந்து நிற்கக் கூடாது. 2021-ஆம் ஆண்டுப் பொங்கல் சலுகையும், போய்விட்ட ஊழியரின் படமும், இடித்துவிட்ட பழைய கட்டடத்தின் புகைப்படமும் தளத்தில் இருந்தால் நீக்குங்கள்.

மேனேஜர் வேலையை விட்டுப் போகும் நாளுக்கும் ஒரு தாள் தயாராக இருக்க வேண்டும். அதில் டொமைன் எங்கே பதிவாகியிருக்கிறது, ஹோஸ்டிங் எங்கே, எந்த மின்னஞ்சல், புதுப்பிக்கும் தேதி எப்போது என்பது மட்டும் இருக்கட்டும். பாஸ்வேர்டை அதில் எழுதாமல் முதலாளி தனியாக வைத்துக்கொள்ளட்டும். அவர் போகும் அன்றே எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றி, கூகுள் மேப் கணக்கிலிருந்தும் அவரை நீக்குங்கள். தளத்தில் போட்டிருக்கும் வாட்ஸ்அப் எண்ணின் சிம் கார்டு ஆரம்பத்திலிருந்தே விடுதியின் பெயரில் இருந்தால், அவர் போன பிறகும் அழைப்புகள் ரிசப்ஷனுக்கே வரும்.